மறைத்த நாற்றமும் களைந்த நாற்றமும்

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர்கள் வந்தபோது, "உமறுப் புலவரைப் பற்றி எழுதுங்கள் ஐயா" என்றார் ஒருவர். "நெய்தல் திணை" என்றார் மற்றொருவர். "இம்முறை என் வீட்டுத் தரையைப் பற்றி எழுதப் போகிறேன்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பூனை சிறுநீர் கழித்த தரையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் அந்த நாற்றத்தைப் போக்க நான் பட்ட பாட்டையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

தமிழாசிரியன் ஆகையால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'நாற்றம்' என்பது முற்காலத்தில் நறுமணத்துக்கும் உரிய சொல்லாக இருந்தது. வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணும்போது மூக்கின் புலனுக்கு அச்சொல்லையே ஆள்கிறார். ஆண்டாள் கற்பூரத்தின் மணத்தைப் பேசும்போதும் 'நாறுதல்' என்ற வினையே வருகிறது. இன்றோ, ஒருவர் வீட்டுக்குச் சென்று "உங்கள் வீடு நாறுகிறது" என்று சொல்லிவிட முடியுமா? 'வாடை'யின் கதையும் அதுவே. சங்கப் புலவர்களுக்கு அது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. எங்கள் நெல்லைச் சீமையிலோ அது முகம் சுளிக்க வைக்கும் மணம். சொற்கள் காலத்தால் கெடுவது போலவே, கவனியாமல் விட்டால் வீடுகளும் கெடும் என்பதை 2022ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் கண்டேன்.

எங்கள் வீடு மேலப்பாளையத்தில் உள்ள பழைய வீடு. பட்டாசாலைக்குச் சிவப்புக் காவித் தரை. வாப்பா காலத்தில் முகம் பார்க்கலாம் போல மின்னிய தரை அது. இப்போது ஆங்காங்கே மயிரிழை போல் வெடித்திருக்கிறது. வடபுறச் சன்னலை ஒட்டி வாப்பாவின் தேக்கு சாய்வு நாற்காலி. அதில் அவர்கள் தம் கையாலேயே இலவம் பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தை. எதிர்ச் சுவரோரம் உம்மாவின் கோரைப்பாய். உம்மாவுக்குத் தாய்வீடு பத்தமடை. இளம்பெண்ணாக இருந்தபோது பாய் முடைந்த கைகள் அவர்களுடையவை. அந்தப் பாயில்தான் ஐவேளையும் தொழுவார்கள். மஃரிபுக்குப் பின் தஸ்பீஹ் மணியோடு அங்கேயே அமர்ந்திருப்பார்கள்.

2020இல், ஊரடங்கு நாளில், என் மகள் தெருவிலிருந்து ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தாள். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்ற பெயரை உரிமையாக்குவதை அவளுக்குச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், பால் எங்கே?" என்றாள். சீனி என்று பெயரிட்டாள். அது கடுவன். வளர்ந்ததும் உம்மாவின் பாயோரமே அதற்கு இருப்பிடமாயிற்று. பூனைக்கு எங்கள் மக்களிடையே எப்போதும் ஒரு செல்லம் உண்டு. நபித்தோழர் ஒருவருக்கு அபூஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, என்ற பெயரே நிலைத்துவிட்டது. பூனை அசுத்தப் பிராணி அன்று, நம்மைச் சுற்றித் திரிவனவற்றுள் ஒன்று என்ற கருத்துள்ள நபிமொழியை உம்மா அடிக்கடி சொல்வார்கள். ஆனால் பூனையின் வாய் பட்ட நீர் வேறு, பூனையின் சிறுநீர் வேறு. பின்னது பட்ட இடத்தையும் ஆடையையும் கழுவாமல் தொழ இயலாது.

மழை தொடங்கிய வாரத்தில் பட்டாசாலையில் ஒரு வாடை எழுந்தது. வெயில் அடித்த நாளில் அடங்கும். வானம் மூடிக்கொண்டால் எழும். எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் தேடவில்லை. எது கைக்குக் கிடைத்ததோ அதைக் கொண்டு மூடினோம். காலையும் மாலையும் கரும் பினாயில் ஊற்றித் துடைத்தோம். மஃரிபுக்குச் சாம்பிராணி போட்டோம். விருந்தினர் வரும் நாளில் நாற்காலி மெத்தை மீது அத்தர் தெளித்தேன். பினாயிலும் சாம்பிராணியும் அத்தரும் கலந்து, அவற்றின் அடியில் அந்தப் பழைய வாடையும் இருந்தது. ஒருநாள் குளியலறை மூலையில் பூனை நனைத்திருந்த இடத்தில் என் துணைவியார் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினார். சற்று நேரத்தில் கண் எரிந்து, இருமல் வந்து, வெளியே ஓடி வந்தார். நாங்கள் பூனையைத்தான் திட்டினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்து, துப்பட்டி முனையால் மூக்கை மூடிக்கொண்டே பேசிவிட்டுப் போனார். அவர் போனபின், "என்ன செய்தாலும் இந்த நாற்றம் போகவில்லையே; நாலு பேர் வருகிற இடம்" என்று நான் சற்று உரக்கவே சொன்னேன். அடுத்த அறையில் உம்மா இருந்தார்கள்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நான் கண்டும் காணாதவனாக இருந்தேன். உம்மா பட்டாசாலைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். தொழுகையைப் பின்கட்டு அறைக்கு மாற்றிக்கொண்டார்கள். யாரேனும் வந்தால், "எனக்கு மூட்டு வலி, நீங்க பேசுங்க" என்பார்கள். எழுபத்தாறு வயதில் மூட்டு வலி வருவது இயல்புதானே என்று நானும் விட்டுவிட்டேன். ஏறத்தாழ நான்கு மாதங்கள் இப்படிக் கழிந்தன.

மாசி மாதத்தில் ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், கொல்லைக் குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டு எழுந்து போனேன். உம்மா இருட்டில் குந்தி உட்கார்ந்து தம் சேலையை அலசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் தொழுகைப் பாய் ஈரத்தோடு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "இந்த நேரத்தில் என்ன உம்மா?" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்:

"வாடை எங்கிட்ட இருந்துதான் வருதோன்னு நெனைச்சேன், வாப்பா. வயசாச்சில்ல. எனக்கே தெரியாம ஏதும் ஆயிருதோ என்னவோ. ஒளு செஞ்சாலும் மனசு ஒப்ப மாட்டேங்குது."

முப்பது ஆண்டுகளாகத் தமிழ் படித்தவன் நான். அந்த வேளையில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பாயை எடுத்து உதறி, அவர்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.

மறுநாள் வேதியியல் துறை நண்பரிடம் போனேன். இத்தனை மாதமும் அவருடன் தேநீர் அருந்தியிருக்கிறேன்; இதைக் கேட்கத்தான் வெட்கப்பட்டிருக்கிறேன். அவர் பொறுமையாக விளக்கினார். பூனையின் சிறுநீரில் யூரியா உண்டு. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படும். மூக்கைத் துளைக்கும் முதல் நெடி அதுதான். அதனுடன் ஃபெலினைன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலமும் உண்டு. இனப்பெருக்கத் திறன் நீக்கப்படாத கடுவனிடம் அது மிகுதி. அது மெல்ல மெல்லச் சிதைந்து, கந்தகச் சேர்மங்களாகிப் பல நாள் நாறும். காய்ந்த எச்சம் தரையின் வெடிப்பிலும் மரத்தின் இணைப்பிலும் பஞ்சின் நடுவிலும் தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறும்போது மீண்டும் மணம் கிளம்பும். மழைக்கும் வாடைக்கும் இருந்த தொடர்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிளீச்சிங் பவுடர் செய்தியைக் கேட்டதும் அவர் திடுக்கிட்டார். அது அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் என்னும் நச்சு வளி உண்டாகும். மூடிய அறையில் அது நுரையீரலுக்கே கேடு.

"முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள் சார்" என்றார். அதற்கு ஒரு வழியும் சொன்னார். புற ஊதாக் கைவிளக்கை இருட்டில் அடித்தால் காய்ந்த சிறுநீர் வெளிறிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். சலவைத் தூள் முதலிய வேறு சிலவும் ஒளிரும். ஆகையால் ஒளிரும் இடத்தை மூக்காலும் உறுதி செய்ய வேண்டும்.

அன்று இஷாவுக்குப் பின் பட்டாசாலை விளக்கை அணைத்தேன். உம்மாவையும் அழைத்து வந்து நாற்காலி ஒன்றில் அமர்த்தினேன். முதலில் அவர்கள் வழக்கமாகப் பாய் விரிக்கும் இடத்தில் ஒளியை அடித்தேன். அங்கே எதுவும் தெரியவில்லை. பாயிலும் தெரியவில்லை. அவர்கள் அமரும் முக்காலியிலும் தெரியவில்லை. பிறகு வடபுறச் சன்னலுக்குக் கீழே அடித்தேன். சுவரின் அடியிலிருந்து வழிந்து தரை வெடிப்பு வரை கோடு கோடாக ஒளிர்ந்தது. வாப்பாவின் நாற்காலிக் கால்களில் இரண்டும், மெத்தையின் அடிப்புறமும் ஒளிர்ந்தன. நான் மண்டியிட்டு ஒவ்வோர் இடமாக மூக்கை வைத்துப் பார்த்தேன். ஐயமே இல்லை. உம்மா நெடுநேரம் அந்த ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப இவந்தானா?" என்றார்கள். சீனி அவர்கள் காலடியில் உட்கார்ந்திருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "சிறுநீர் கழிக்கும்போது முக்குகிறதா?" என்பது. நாங்கள் கவனித்ததே இல்லை. கண்ட இடத்தில் சிறிது சிறிதாக நனைப்பது குறும்பு அன்று. பல வேளைகளில் நோயின் அறிகுறி. சீனிக்குச் சிறுநீர்ப்பை அழற்சி. கடுவனுக்குச் சிறுநீர்ப் பாதை முழுதும் அடைத்துக்கொண்டால் இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்து என்றார். செங்குத்தான சுவரில் வாலை உயர்த்திப் பீய்ச்சுவது வேறு. அது எல்லை குறிக்கும் இயல்பு. சன்னலுக்கு வெளியே அயல் கடுவன் ஒன்று திரிந்ததால் அதுவும் நடந்திருக்கிறது. அறுவை செய்துவிட்டால் பெரும்பாலும் அப்பழக்கம் நின்றுவிடும் என்றார். பிறகு பூனையின் பாதங்களைப் புரட்டிப் பார்த்தார், அவை சிவந்திருந்தன. "தரையை எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்?" என்றார். சொன்னோம். அவர் முகம் மாறியது. பினாயிலில் உள்ளவை போன்ற பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அது தரையில் நடக்கும், பாதத்தை நக்கும்; நஞ்சு உள்ளே போகும். நாங்கள் சுத்தம் என்று எண்ணிச் செய்தது, நோயுற்ற ஓர் உயிருக்கு நாள்தோறும் நஞ்சூட்டுவதாக இருந்திருக்கிறது.

இனி, வாடையை எவ்வாறு போக்கினோம் என்பதைப் பூனை வளர்ப்போருக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

தரையை முதலில் வெறும் நீரால் பலமுறை கழுவித் துணியால் ஒற்றி எடுத்தோம். பழைய பினாயிலின் எச்சம் போக வேண்டும். அது இருந்தால் அடுத்து ஊற்றும் மருந்து வேலை செய்யாது. பிறகு வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய நொதிக் கரைசலை ஊற்றினோம். நொதிகள் அந்த எச்சத்தைச் சிதைத்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்கு ஈரமும் நேரமும் வேண்டும். தெளித்த உடனே துடைப்பது வீண். வெடிப்புக்குள் இறங்கும்படி தாராளமாக ஊற்றி, ஈரத்துணி விரித்து, இரவு முழுதும் விட்டு, காலையில் கழுவினோம். மூன்று முறை செய்தபின்பே வாடை அடங்கியது. பிறகு கொத்தனாரை அழைத்து வெடிப்புகளைப் பூசினோம். வினிகர் அம்மோனியா நெடியைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆயினும் அது அமிலம். காவித் தரையையும் பளிங்கையும் அரிக்கும். ஆகவே அதைத் தரையில் பயன்படுத்தவில்லை.

துணி உறைகளைக் குளிர்ந்த நீரிலேயே அலசினோம். வெந்நீர் வாடையை இழைகளில் நிலைக்கச் செய்துவிடும் என்பர். கம்பளத்துக்கு மட்டும் ஐதரசன் பெராக்சைடு. மருந்துக் கடையில் வாங்கிய சீசாவில் 6 விழுக்காடு என்று இருந்தது. சம அளவு நீர் கலந்து 3 விழுக்காடாக்கி, சமையல் சோடா சிறிதும் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளியும் சேர்த்துத் தடவினோம். இது நிறத்தை வெளுக்கக் கூடும். மறைவான ஓரத்தில் சோதித்த பிறகே தடவ வேண்டும். கலந்ததை மூடிய சீசாவில் வைத்தால் வளி அழுத்தத்தால் வெடிக்கும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

நாற்காலியின் தேக்குக் கால்களில் நொதிக் கரைசலைத் துணியால் ஒற்றி, நிழலில் நன்கு உலர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தோம். மெத்தையைக் காப்பாற்ற முடியவில்லை. இலவம் பஞ்சின் நடுவரை ஊறியிருந்தது. வாப்பாவின் தையல் அது. மூன்று நாள் வெயிலில் போட்டுப் பார்த்தேன். முதல் தூறலிலேயே வாடை திரும்பியது. பஞ்சை அப்புறப்படுத்தினேன், உறையின் ஒரு பக்கத் துணியை மட்டும் வெட்டி, துவைத்து, எடுத்து வைத்திருக்கிறேன்.

பூனைக்கு இப்போது இரண்டு மணல் தொட்டிகள். ஒரு பூனைக்கு ஒன்று போதும் என்று எண்ணலாகாது, கூடுதலாக ஒன்று வைப்பது நலம் என்றார் மருத்துவர். உணவுத் தட்டுக்கு அருகில் தொட்டியை வைப்பதில்லை. நாள்தோறும் அள்ளிவிடுவது என் பொறுப்பு. எழுத்ததிகாரம் நடத்தும் கை இதையும் செய்யலாம், குறைவொன்றும் இல்லை. கம்பர்கூடத் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையாகவே தம்மைச் சொல்லிக்கொண்டார் அல்லவா?

எங்கள் வீட்டில் நடந்ததை எண்ணும்போதெல்லாம் யாவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகிறது. நாட்டுப்புற அரபி ஒருவர் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டார். தோழர்கள் அவரை அதட்ட எழுந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் முடிக்கும்வரை விடச் சொல்லி, பின்பு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். ஆளைக் கடியவில்லை, இடத்தைக் கழுவினார்கள். நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு. இடத்தைத் தேடவில்லை, வாயில்லாச் சீவனை வைதோம், வாயிருந்தும் பேசாத முதியவரை எங்களை அறியாமலே குற்றவாளியாக்கினோம்.

மாணவச் செல்வங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றே. வீட்டில் ஒரு வாடை எழுந்தால் மணம் பூசாதீர்கள். குனிந்து, அது பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். தேடும் முன் உரக்கப் பேசாதீர்கள். முதியவர்கள் வாழும் வீட்டில், யாரையும் குறியாத சொல்லும் யாரோ ஒருவர் மீது போய் விழும்.

பட்டாசாலையில் இப்போது வாடை இல்லை. சென்ற ஆண்டு அடைமழையிலும் இல்லை. மஃரிபுக்குப் பின் உம்மா தம் பழைய இடத்தில் பாய் விரித்து அமர்கிறார்கள். சீனி பக்கத்தில் படுத்திருக்கிறது. சாம்பிராணி இன்றும் போடுகிறோம், எதையும் மறைப்பதற்காக அன்று. தரையையும் மரத்தையும் கழுவிவிட்டேன். உம்மா பின்கட்டில் தனியே தொழுத அந்த நான்கு மாதங்களைக் கழுவும் கரைசல் ஒன்று எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.